விமானம் ரத்து! செலவு யார் தலையில்?

விமானம் ரத்தாகிவிட்டது. டிக்கெட் பணம் திரும்ப வந்துவிடும். அத்துடன் கணக்குத் தீர்ந்ததா?

தீரவில்லை என்பதை 2025 டிசம்பர் முதல் வாரம் காட்டியது. இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல்!

புயல் இல்லை, வெள்ளம் இல்லை. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரவேண்டும் என்று 2024 ஜனவரியிலேயே விதி வந்துவிட்டது. வார ஓய்வு 36 மணியில் இருந்து 48 மணி ஆனது. நல்ல விதிதான். தூக்கம் கெட்ட கண்ணோடு விமானம் ஓட்டலாமா? 2025 நவம்பரில் அது முழுதும் அமலுக்கு வந்தது. அதற்குத் தகுந்தபடி ஆள் ஏற்பாடு செய்யத் தவறியது கம்பெனி. அவதிப்பட்டது யார்? பிரயாணிகள்!

சென்னையில் இருந்து டெல்லிக்கு ஒருவர் 6,000 ரூபாய்க்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 6,000 திரும்பி வரும். ஆனால் அவர் போயாக வேண்டுமே! வேறு விமானத்தில் என்ன விலை? அரசாங்கம் தலையிட்டு 6-ந் தேதி வரம்பு கட்டியது. அந்த வரம்பே இந்தத் தூரத்துக்கு 18,000 ரூபாய், வரி தனி. ஆக, 12,000 ரூபாய் கைநஷ்டம். நாலு பேர் கொண்ட குடும்பம் என்றால் 48,000! ஓட்டல் அறை, டாக்சி, சாப்பாடு எல்லாம் இதற்கு மேல்.

நஷ்டஈடு கிடையாதா? உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும். இதில் எது குறைவோ அதுதான்! மலிவாக டிக்கெட் வாங்கியவருக்கு ஈடும் மலிவு. அவருடைய ஓட்டல் பில் மட்டும் மலிவாகுமா? "எங்கள் கைக்கு மீறிய காரணம்" என்று காட்டிவிட்டால் அதுவும் இல்லை.

மிகவும் அவதிப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய்க்கு கூப்பன் தருவதாகக் கம்பெனி பிறகு அறிவித்தது. கூப்பனை ஓட்டல்காரர் வாங்குவாரா? அதைக் கொண்டு மறுபடியும் அதே கம்பெனி விமானத்தில்தான் ஏறலாம்.

பெட்டியின் கதை இன்னும் மோசம். கவுண்டரில் கொடுத்த பெட்டி, பிரயாணி நுழைய முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. விமானம் நின்றதும் பிரயாணியை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பெட்டி உள்ளே! கல்யாணப் புடவையும் அதில்தான், அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் அதில்தான். டெல்லியிலும் பெங்களூரிலும் பெட்டிகள் தரையில் வரிசை வரிசையாகக் கிடந்தன. 48 மணி நேரத்தில் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்ட பிறகுதான் வேகம் பிறந்தது.

அந்த உத்தரவு அந்த நெருக்கடிக்கு மட்டும் ஏன்? எப்போதும் உள்ள விதியாக்க வேண்டும். "எது குறைவோ" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். கம்பெனியின் தவறால் விமானம் நின்றால் மாற்று டிக்கெட்டின் கூடுதல் விலை, தங்கும் செலவு இரண்டையும் கம்பெனியே கொடுக்க வேண்டும். புயல் அடித்தால் மன்னிக்கலாம். விமானிகள் எத்தனை பேர் என்பது கம்பெனிக்குத் தெரியாதா?

அதுவரை பிரயாணி செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மாத்திரை, வீட்டுச் சாவி, சான்றிதழ் மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டிக்குத் தரும் சிறு சீட்டைத் தொலைக்கக்கூடாது. பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் புகார் எழுதிக் கொடுத்து, நம்பர் போட்ட ரசீது வாங்க வேண்டும். ஓட்டல், டாக்சி பில்களையும் அந்த ரசீதோடு சேர்த்து வைக்க வேண்டும்.