மாதம் 169 ரூபாய் சந்தாவா, நூலக அட்டையா? மில்லர்புரத்து வாசகருக்கு எது லாபம்?

புத்தகம் படிக்க மாதாமாதம் சந்தா கட்டும் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே இன்னொரு புத்தக சந்தாவும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதன் பெயர் நூலக வரி.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர் மாநகராட்சிக்குக் கட்டும் சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆண்டுக்கு 4,000 ரூபாய் சொத்து வரி என்றால் சுமார் 400 ரூபாய் நூலகத்துக்கு. 'நான் வாடகைக்குத்தானே இருக்கேன்' என்கிறீர்களா? வீட்டுக்காரர் அதைத் தன் கையிலிருந்தா கொடுப்பார்? வாடகைக்குள் எங்கேயோ அதுவும் ஒளிந்திருக்கும்.

இது 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு. இந்தியாவில் ஒரு மாநிலம் பொது நூலகத்துக்கென்று கொண்டுவந்த முதல் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகம் என்பது யாரோ ஒரு வள்ளலின் தயவில் நடக்கக் கூடாது, ஊரே காசு போட்டு ஊரே படிக்கணும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை.

காசு கட்டியாயிற்று. ஆனால் நம்மில் எத்தனை பேர் கையில் நூலக அட்டை இருக்கிறது? போனில் கிண்டில் ஆப் இருப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

கிண்டில் அன்லிமிடெட் இந்தியாவுக்கு வந்தது 2015 செப்டம்பரில். அமேசான் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் முறைப்படி வந்தது 2016 கடைசியில். மாத சந்தா 169 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,028 ரூபாய். ஒரே நேரத்தில் 20 புத்தகங்கள் வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொன்று. தாமதக் கட்டணம் கிடையாது, வரிசையில் நிற்க வேண்டாம், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பன்னிரண்டு மணிக்கும் எடுக்கலாம்.

அதே 2,028 ரூபாய்க்குக் கடையில் என்ன வாங்கலாம்? 300 பக்கத் தமிழ் நாவல் இன்று 350 முதல் 400 ரூபாய். ஐந்தாறு நாவல் வரும். ஆக, ஆண்டுக்கு ஆறு புத்தகத்துக்கு மேல் படிக்கிறவருக்கு சந்தா லாபம் என்று சட்டென்று சொல்லிவிடலாம் போலத் தெரியும். அந்த ஆறும் நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைத்திருந்த ஆறுதானா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நூலகத்தில் உறுப்பினராக ஒரு சிறு காப்புத்தொகையும் ஆண்டு சந்தாவும்தான் கேட்பார்கள். ஒரு வேளை பிரியாணிக் காசைத் தாண்டாது. காப்புத்தொகை திரும்பக் கிடைக்கக்கூடியது. வெறும் பணக் கணக்கு என்றால் இதில் போட்டியே இல்லை.

அலமாரியில் என்ன இருக்கு?

சந்தா அலமாரியில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் சாயல் வேறு. எழுத்தாளர்களே நேரடியாகப் பதிவேற்றும் குடும்ப நாவல், காதல் நாவல், தொடர்கதை இவைதான் கொட்டிக் கிடக்கின்றன. புஸ்தகா போன்ற நிறுவனங்கள் வழியாகப் பழைய வார, மாத இதழ் எழுத்தாளர்கள் பலரும் வந்திருக்கிறார்கள். கடையில் தேடினாலும் கிடைக்காத பழைய நாவல் போனில் கிடைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் புத்தகக் கண்காட்சியில் இந்த ஆண்டு பேசப்பட்ட புத்தகத்தைத் தேடினால் பெரும்பாலும் 'தனியாக வாங்கு' என்ற பொத்தான்தான் வரும். அச்சுப் பதிப்பகங்கள் தங்கள் புதிய புத்தகங்களை சந்தாவுக்குள் விடத் தயங்குகின்றன. அன்லிமிடெட் என்ற பெயர், அந்த அலமாரிக்குள் மட்டும் அன்லிமிடெட்.

தூத்துக்குடிக்காரர் ஒருவர் தன் ஊரைப் பற்றிப் படிக்க நினைத்தால் முதலில் யாரும் கைகாட்டுவது ஜோ டி குரூஸின் 'கொற்கை'யை. 2013-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவல், ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். நூலகத் தவணைக்குள் அதை முடிப்பது வேலைக்குப் போகிறவருக்குக் கஷ்டம், புதுப்பிக்கத்தான் வேண்டும். போன் திரையில் படிப்பது அதைவிடக் கஷ்டம். இதற்குக் கடையில் வாங்குவதே மேல். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே வழி சரிப்படாது.

புத்தகம் யாருடையது?

இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய வித்தியாசம் விலையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. இதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை.

ஒரு நூலகம் அச்சுப் புத்தகத்தை வாங்கிவிட்டால் அந்தப் பிரதி நூலகத்தின் சொத்து. நூறு பேருக்கு இரவல் கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு, பிரதிகளை மக்களுக்கு வெளியிடும் உரிமையைப் படைப்பாளிக்குத் தரும்போதே, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பிரதிகளை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. பழைய புத்தகக் கடையும் கிளை நூலகமும் பிழைத்திருப்பது இந்த ஒரு வரியால்தான்.

மின்நூலில் அப்படி இல்லை. நீங்கள் வாங்குவது புத்தகம் இல்லை, படிப்பதற்கான லைசென்ஸ். சந்தாக் காலம் முடிந்த அன்றைக்கு 20 புத்தகமும் போய்விடும். பாதியில் நிற்கும் நாவலும்தான். சரி, 'வாங்கு' பொத்தானை அழுத்திக் காசு கொடுத்து எடுத்ததாவது நம்முடையதா? 2019 ஜூலையில் மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் மறைந்தன. பணம் திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது.

இதே சிக்கல் நூலகத்துக்கும் உண்டு. அமெரிக்காவில் லிப்பி ஆப்பில் நூலக அட்டை எண்ணைப் போட்டு மின்நூல் இரவல் வாங்குகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு நிபந்தனை போட்டது: ஒரு மின்நூலை 26 தடவை இரவல் கொடுத்தால் உரிமம் முடிந்தது, நூலகம் மறுபடியும் காசு கட்டி வாங்கணும். வேறு சில பதிப்பகங்கள் இரண்டு ஆண்டு கெடு வைக்கின்றன. அச்சுப் புத்தகமாவது கிழிந்தால்தான் புதிது வாங்க வேண்டும்; இது கிழியாமலேயே காலாவதியாகிறது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் வேறு வழி பார்த்தது. சொந்தமாக வைத்திருக்கும் அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்று இரவல் கொடுத்தது. நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023-ல் கீழ் நீதிமன்றத்திலும் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின.

எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

கிண்டில் அன்லிமிடெட்டில் எழுத்தாளருக்குப் பணம் வருவது படிக்கப்பட்ட பக்கங்களின் கணக்கில். 2015 ஜூலையிலிருந்து இதுதான் முறை. மாதத்துக்கு ஒரு மொத்தத் தொகையை ஒதுக்கி, உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட பக்கங்களுக்குப் பிரிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்குப் பைசாக் கணக்குதான். நேரடியாகப் பதிவேற்றும் எழுத்தாளர், 90 நாள் அந்த மின்நூலை வேறெங்கும் விற்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்துக்குக் காசு என்றால் என்ன மாதிரிப் புத்தகம் பெருகும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. நாற்பது பக்கக் கவிதைத் தொகுப்பு போடுகிறவர் அங்கே பிழைக்க முடியாது.

அதற்காக நூலகம் எழுத்தாளரைத் தாங்கிப் பிடிக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. நூலகம் வாங்கும் பிரதிக்கு ஒரு தடவை காசு, அதுவும் பதிப்பாளர் கைக்கு வந்து எழுத்தாளரைச் சேர்ந்தால்தான். தமிழ்ப் பதிப்பகங்கள் நூலக ஆணைக்குக் காத்துக் கிடந்த கதைகள் பதிப்புலகில் பிரசித்தம். பிரிட்டனில் நூலகத்தில் புத்தகம் இரவல் போகும் கணக்கை வைத்து எழுத்தாளருக்கு அரசே பணம் தருகிறது. அதற்கான சட்டம் 1979-ல் வந்தது; 2018-லிருந்து மின்நூலும் அதில் சேர்ந்தது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை.

நூலகத்தின் பக்கம் குறையே இல்லையா?

இருக்கிறது, நிறையவே. வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும் நேரத்துக்குக் கதவு சாத்தியிருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களே பல இடங்களில் மேசை முழுக்க இருப்பார்கள் (அதுவும் நூலகத்தின் வேலைதான், அதில் தப்பில்லை). புதிய புத்தகம் வந்து சேர மாதங்கள், சில சமயம் ஆண்டுகள். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் நூலகத்துறைக்குக் கொடுக்காமல் நிலுவை வைத்திருப்பது பழைய வியாதி. சென்னை மாநகராட்சியின் பாக்கியே பலமுறை செய்தியானது.

ஒரு சின்னத் தகவல், பலருக்கு உதவும்: பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை போனால் திறந்திருக்கும்.

மழையையும் மறக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ-க்கு மேல் கொட்டித் தீர்த்தபோது, தூத்துக்குடியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்குத் தெரியும், கீழ்த்தட்டில் இருந்த புத்தகம் என்ன ஆனது என்று. மின்நூல் நனையாது. ஆனால் அதே நாட்களில் கரன்ட்டும் இல்லை, சிக்னலும் இல்லை.

மூன்றாவது போட்டியாளர்

இந்த ஒப்பீட்டில் யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார்: டெலிகிராம் குரூப். கேட்ட புத்தகம் பிடிஎஃப் ஆக வந்து விழும். அது சட்டப்படி திருட்டு, 500 பிரதி விற்றாலே சந்தோஷப்படும் தமிழ் எழுத்தாளரிடமிருந்து எடுப்பது. ஆனால் வெறும் அறிவுரையால் அதை நிறுத்த முடியாது. பாட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். சட்டப்படி கேட்பது சுலபமாக ஆன பிறகுதான் எம்பி3 சிடி காணாமல் போனது.

சட்டப்படியே இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் நாட்டுடைமை நூல்களும் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் தொட்டு எட்டயபுரத்து பாரதி வரை கிடைக்கும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே பகிர அனுமதித்த புத்தகங்கள். மூன்றுக்கும் ஒரே குறை, இப்போது விற்பனையில் இருக்கும் புதிய புத்தகங்கள் பெரும்பாலும் அங்கே இருக்காது.

அப்படியானால் என்ன செய்யணும்?

வாசகர் செய்ய வேண்டியது சுலபம். படிக்க நினைக்கும் பத்துப் புத்தகத்தை எழுதி வைத்துக்கொண்டு, பணம் கட்டும் முன் கிண்டில் அன்லிமிடெட்டில் தேடிப் பாருங்கள். ஆறுக்கு மேல் இருந்தால் எடுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அந்தக் காசுக்குப் புத்தகமே வாங்கலாம். தொடர்கதையும் குடும்ப நாவலும் விரும்பிப் படிக்கிறவருக்கு 169 ரூபாய் உண்மையிலேயே மலிவு. கட்டுரை, வரலாறு, புதிய இலக்கியம் என்று போகிறவருக்கு நூலக அட்டையும் ஒரு புத்தகக் கடையும் போதும். இலவச மாதம் என்று ஆரம்பித்தால் ஆட்டோ-ரினியூவல் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள்.

அரசு செய்ய வேண்டியதுதான் பெரியது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி தமிழ் மின்நூலை இரவல் வாங்க முடிகிறது. தமிழ்நாட்டில் 4,600-க்கும் அதிகமான பொது நூலகங்கள், நூலக வரி என்ற நிரந்தர வருமானம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் வரை பெரிய கட்டடங்கள் எல்லாம் இருந்தும், போன வருடம் வந்த நாவலை நூலக அட்டை எண்ணைப் போட்டு போனில் இரண்டு வாரம் இரவல் வாங்குவது இங்கே இன்னும் வழக்கமாகவில்லை.

கட்டடத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கொஞ்சம் இதற்கும் வேண்டும். பொது நூலகத்துறை தமிழ்ப் பதிப்பகங்களோடு நேரடியாகப் பேசி, 26 தடவையில் முடியும் உரிமமாக இல்லாமல், நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் மின்பிரதியாக வாங்கலாம். ஒரு பிரதி, ஒரு நேரத்தில் ஒரு வாசகர். இரவல் போன கணக்குக்கு எழுத்தாளருக்கு ஒரு சிறு தொகை. தமிழ்ப் பதிப்பகங்கள் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் அல்ல. நூலக ஆணையை நம்பி அச்சடிப்பவை. அவர்களோடு பேரம் பேசும் பலம் அரசுக்கு உண்டு.

ஊர் சேர்ந்து புத்தகத்துக்குக் காசு போடுவது இந்தக் கரைக்குப் புதிதுமல்ல. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தைத் தந்த அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் வாழ்ந்தவர். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக் குளித்துச் சம்பாதித்த இந்தக் கரையின் பரதவர்கள். அவர்களுக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது. மில்லர்புரத்தில் நூலக வரி கட்டுகிறவர், அடுத்த ரசீதைக் கையில் வாங்கும்போது தன் போனுக்கு எப்போது வரும் என்று கேட்கலாம்.