பேயைவிடப் பொல்லாதது பற்றாக்குறை!

இருண்ட வீடு. கோடிக் கதவுக்குப் பின்னால் ஏதோ உராயும் சத்தம். சினிமாவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு, கதாநாயகன் பாடு என்று விட்டுவிடலாம். வீடியோ ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. கதவைத் திறக்க வேண்டியவர் ஆடுகிறவரே. திறக்காவிட்டால் கதை நகராது. இத்தகைய ஆட்டங்களின் பலமெல்லாம் இந்த ஒரு சங்கதியில்தான் அடங்கியிருக்கிறது.

1996-ல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்தை வெளியிட்டது. ஷின்ஜி மிக்காமி அதன் டைரக்டர். காட்டின் நடுவே ஒரு மாளிகை, உள்ளே நடைப்பிணங்கள். ஆனால் அங்கே நம்மை நடுங்க வைப்பது பிணங்கள் மட்டுமல்ல, பஞ்சமும்தான்! தோட்டாக்கள் சொற்பம். ஆடியவரை பதிவு செய்துகொள்ள டைப்ரைட்டரைத் தேட வேண்டும். அதற்கான ரிப்பனும் அளவோடுதான் கிடைக்கும். சுடுவதா, ஓடுவதா? இப்போதே பதிவு செய்வதா, இன்னும் இரண்டு அறை பார்த்து வருவதா? மாதக் கடைசியில் குடும்பத் தலைவி படும் பாடுதான்!

1999-ல் கொனாமி நிறுவனத்தின் 'சைலன்ட் ஹில்' வந்தது. காணாமற்போன மகளைத் தேடி ஒரு தகப்பன் அலைகிறான். ஊரெங்கும் மூடுபனி. தூரத்துக் காட்சிகளை விரிவாகத் தீட்ட அன்றைய யந்திரத்துக்குச் சக்தி போதாது. அந்தக் குறையை மறைத்த பனியே பயத்தையும் வளர்த்தது. கையிலுள்ள ரேடியோ இரைந்தால் ஏதோ ஜந்து அருகில் இருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கம் என்று அது சொல்லாது!

2010-ல் ஸ்வீடனிலிருந்து வந்த 'அம்னீசியா' ஒரு படி மேலே போயிற்று. அதில் ஆயுதமே இல்லை. இருட்டில் பதுங்கினால் புத்தி பேதலிக்கும். விளக்கை ஏற்றினாலோ எண்ணெய் தீரும். பகைவன் கண்ணிலும் படலாம். 2014-ல் இங்கிலாந்தில் தயாரான 'ஏலியன்: ஐசொலேஷன்' ஆட்டத்திலோ, ஜந்து நம் காலடிச் சத்தத்தைக் கேட்டே தேடி வரும். நேற்று ஒளிந்த இடம் இன்று காப்பாற்றும் என்று சொல்வதற்கில்லை.

இந்த யுக்திகளுக்கு உயிர் கொடுப்பது கதை. மகளைத் தேடும் தகப்பன் என்பதால்தான் பனிக்குள் மேலும் பத்தடி வைக்கத் துணிகிறோம். காரணம் இல்லாவிட்டால் யந்திரத்தை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்போம்!

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 1994 முதல் அமெரிக்காவிலும், 2003 முதல் ஐரோப்பாவிலும் ஆட்டங்களுக்கு வயது முத்திரை இடுகிறார்கள். ஐரோப்பிய முத்திரையில் பயத்துக்கென்றே ஒரு சிலந்திச் சின்னம் உண்டு. சிந்தும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். இருட்டும் காத்திருப்பும் மனத்தில் செய்யும் வேலையோ எளிதில் தெரிவதில்லை. ஆகவே உறையின்மேல் உள்ள முத்திரையைப் பாருங்கள். அத்துடன் அரைமணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தும் பாருங்கள். ஆடும்போது கத்திவிட்டுச் சிரித்தால் கவலையில்லை. ராத்திரி விளக்கை அணைக்க வேண்டாம் என்று கெஞ்சினால், அந்த ஆட்டம் இன்னும் சில வருஷம் பெட்டியிலேயே இருக்கட்டும்.