போனைத் தடைசெய்யும் அலுவலகமும், போனில் சுற்றும் அடையாள அட்டைகளும்

கடந்த வருடம் காணிப் பிரச்சினை ஒன்று தொடர்பாகத் தகவல் எடுப்பதற்காக வடக்கில் உள்ள பிரதேச செயலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்: அலுவலகத்துக்குள் கைத்தொலைபேசி பாவிக்க வேண்டாம், புகைப்படம் எடுப்பது தடை. உள்ளே என் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. "மீடியாவுக்குக் கதைக்க எங்களுக்கு அனுமதி இல்லை தங்கச்சி. எழுத்தில தாங்கோ, பார்ப்பம்" என்றார் உத்தியோகத்தர். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு விதிக்கப்பட்டதை அவர் சொன்னார்.

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பக்கத்து மேசையில் வயதான அம்மா ஒருவரின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் அருகருகே வைத்து, இன்னொரு உத்தியோகத்தர் தன்னுடைய சொந்த போனில் படம் எடுத்தார். படம் உடனே வட்ஸ்அப்பில் போனது. யாருக்குப் போகிறது என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

நமது வேலைத்தளங்களில் இரகசியம் பேணல், கணினிப் பாதுகாப்பு, போன் பாவனை பற்றியெல்லாம் விதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த விதிகள் யாரை யாரிடமிருந்து பாதுகாக்கின்றன என்ற கேள்வியை அன்றிலிருந்து நான் போகும் ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்டுப் பார்த்து வருகிறேன்.

ஒரு இலக்கத்துக்குள் என்ன இருக்கிறது?

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக வருகிறது, மற்ற முறை அப்படியேதான். ஆகவே, ஒருவரின் இலக்கத்தைப் பார்த்தாலே அவருடைய பிறந்த திகதியும் அவர் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். அதனுடன் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே படத்தில் சேர்ந்தால், ஒரு மனிதரைப் பற்றி ஒரு மோசடிக்காரருக்குத் தேவையானது ஏறக்குறைய முழுதாகக் கிடைத்துவிடுகிறது.

இப்படியான பட்டியல்கள் நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சாதாரணமாகச் சுற்றுகின்றன. நிவாரணப் பட்டியல், அஸ்வெசும பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல், உலர் உணவுப் பட்டியல். தகவல் சனங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் பெரும்பாலும் பகிரப்படுகின்றன. ஆனால் அந்தக் குழுவில் நூறு பேர் இருந்தால் நூறு போன்களில் அந்தப் பட்டியல் தங்கிவிடுகிறது.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான உதவித் திட்டம் ஒன்றின் பட்டியலில் தன் பெயர் இருந்ததாக என்னிடம் சொன்ன பெண் ஒருவர் இருக்கிறார். பட்டியல் ஊர்க் குழுவில் வந்து சில நாட்களில், முன்பின் தெரியாத இலக்கங்களில் இருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. சிலர் கடன் தருவதாகச் சொன்னார்கள். ஒருவர் இரவு 10 மணிக்குப் பிறகு எடுத்து, "தனியத்தானே இருக்கிறீங்கள்" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பட்டியலில் இருந்துதான் இலக்கம் போனது என்று நிரூபிக்க அவரால் முடியாது. யாரிடம் முறையிடுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் அவர் சிம்மை மாற்றினார். மாற்றிய இலக்கத்தைப் பதிவதற்குத் திரும்பவும் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

நுண்கடனால் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்த, சோதனைச் சாவடிகளிலும் பதிவுகளிலும் பல வருடம் வாழ்ந்த ஒரு சமூகத்தில், தனியாக இருக்கும் பெண்களின் பெயரும் இலக்கமும் கொண்ட பட்டியல் ஆபத்தானது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தங்கள் விபரம் யார் கைக்கெல்லாம் போகிறது என்ற பயத்துடனேயே அவர்கள் ஒவ்வொரு படிவத்தையும் நிரப்புகிறார்கள்.

உத்தியோகத்தரின் பக்கம்

படம் எடுத்த உத்தியோகத்தரைக் குற்றவாளி ஆக்குவது இலகு. பிறகு ஒரு நாள், வேறொரு பிரதேசத்தில் வேலை செய்யும் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவருடன் இது பற்றிக் கதைத்தேன். "அலுவலகம் எனக்கு போன் தரேல்ல. டேட்டா காசும் என்ர. காலமை ஒன்பது மணிக்குப் பட்டியல் வேணும் எண்டு மேல இருந்து குழுவில போடுவினம். ஸ்கேனர் பழுது. நான் வேற என்ன செய்யிறது?" என்று கேட்டார். அவருடைய போனில் பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு இடையில் நூற்றுக்கணக்கான அடையாள அட்டைகள் இருந்தன. போன் பழுதானால் திருத்தும் கடையில் கொடுப்பார். இடமாற்றம் வந்தால் படங்களும் அவருடன் போகும். ஓய்வுபெற்றாலும் அவை போனிலேயே இருக்கும்.

கடவுச்சொல் கதையும் இதேதான். ஒரு கணினி, நான்கு பேர், ஒரே கடவுச்சொல். அது மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். கணினிச் சேவை ஒன்றை அணுகுவதற்காகத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட தகவலை அனுமதியின்றி மற்றவருக்கு வெளியிடுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். ஆனால் லீவில் இருப்பவரின் வேலையை இன்னொருவர் அன்றே முடிக்க வேண்டும் என்று சொல்லும் அலுவலகம், அவருக்கெனத் தனிக் கணக்குத் திறந்து கொடுக்காவிட்டால், சட்டத்தை மீறச் சொல்லிக் கேட்பதாகத்தான் அர்த்தம்.

எந்த இரகசியம் காக்கப்படுகிறது?

அரச உத்தியோகத்தர்களின் ஒழுக்கம் பற்றிய தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம், ஊடகங்களுக்கும் பொதுமக்களுக்கும் தகவல் வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, உத்தியோகத்தர்கள் சமூக ஊடகங்களில் கருத்துத் தெரிவிப்பதும் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியது என்று நினைவூட்டியது. அது பொருளாதார நெருக்கடிக் காலம். பாடசாலைகளில் பிள்ளைகள் உணவில்லாமல் மயங்கி விழுகிறார்கள் என்று சுகாதார அதிகாரிகளும் ஆசிரியர்களும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். நாடு அறிய வேண்டிய செய்தியைச் சொன்னவர்களின் வாய்க்குத்தான் அந்தச் சுற்றறிக்கை பூட்டுப் போட்டது.

இரண்டு விடயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு நிறுவனம் என்ன செய்கிறது, பணத்தை எப்படிச் செலவழிக்கிறது என்பவை பொதுமக்களுக்கு உரிய தகவல்கள். ஒரு பிரஜையின் நோய், வருமானம், தொலைபேசி இலக்கம் ஆகியவை அந்தப் பிரஜைக்கு உரியவை. நமது அலுவலகங்களில் முதலாவது பூட்டி வைக்கப்படுகிறது, இரண்டாவது குழுக்களில் பறக்கிறது. சில வேளைகளில் தனியுரிமையே பூட்டுக்கு உதவுகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டால், "தனிப்பட்ட தகவல்" என்ற காரணம் காட்டி மறுக்கும் அலுவலகங்கள் உள்ளன. அதே அலுவலகம் பயனாளிகளின் பட்டியலைக் கணக்கு இலக்கத்துடன் குழுவில் போட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, விண்ணப்பித்தால் வழங்கக்கூடிய தகவலை வெளியிட்டதற்காக அரச ஊழியர் எவரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது. நான் கதைத்த உத்தியோகத்தர்களில் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. சுற்றறிக்கை அறிவித்தல் பலகையில் தொங்குகிறது. இந்தப் பிரிவை நான் எந்தப் பலகையிலும் கண்டதில்லை.

மேலே இருப்பவர்களுக்கு எந்த விதி?

கீழ்மட்ட ஊழியரிடம் பென்டிரைவ் போடாதே, தெரியாத இணைப்பைத் தொடாதே என்று சொல்கிறோம். சரிதான். ஆனால் 2023 ஓகஸ்டில் நடந்தது என்ன? லங்கா அரச கிளவுட் மீது நடந்த கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலில், அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குத் தனியான காப்புப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததோ காலாவதியான 2013 பதிப்பு மென்பொருள். நிதி இல்லாததால் புதுப்பிக்கப்படவில்லை என்று விளக்கம் வந்தது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 2021இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகளும் அதே கிளவுட்டில் இருந்து அழிந்து போயிருந்தன. ஒரு தடவை சூடு கண்ட பிறகும் காப்புப் பிரதி எடுக்காத குறையை எந்த எழுதுவினைஞர் மீதும் சுமத்த முடியாது.

தனியார் துறையிலும் விதி கீழ்நோக்கியே இறங்குகிறது. வன்னியில் இருந்து கட்டுநாயக்கவுக்கு வேலைக்குப் போன பெண் ஒருவர் சொன்னார்: வேலை நேரத்தில் போன் லொக்கருக்குள் இருக்க வேண்டும். ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி, வேலை முடிந்து லொக்கரைத் திறந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்த நாள் ஓவர்டைம் பற்றிய அறிவித்தலோ இரவு அதே போனுக்கு வரும். பார்க்கவில்லை என்றால் காலையில் ஏச்சு. இயந்திரத்துக்குப் பக்கத்தில் போன் வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. அவசரத்துக்கு அழைக்க ஒரு இலக்கமும், அழைப்பு வந்தால் உடனே சொல்ல ஒரு ஆளும் இல்லாத விதியில் அந்த நியாயம் இல்லை.

சட்டம் காத்திருக்கிறது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல விடயங்களைச் சொல்கிறது. சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலம் மட்டும் தரவை வைத்திருக்க வேண்டும். அரச நிறுவனங்களும் இதற்குள் அடங்கும். மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். இதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்தன. அதற்குச் சில நாட்களுக்கு முன் வர்த்தமானி மூலம் அது பிற்போடப்பட்டது. நிறுவனங்கள் தயாராக இல்லை என்பது உண்மைதான். ஆனால் சட்டம் நிறைவேறி மூன்று வருடங்கள் கொடுக்கப்பட்டிருந்தன.

பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உள்ளன. பட்டியல் ஒட்டும்போது அடையாள அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் போடலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு அலுவலக போனும் வேலை செய்யும் ஸ்கேனரும் கொடுக்கலாம். சொந்த போனில் படம் எடுக்க வேண்டி வந்தால் அதே நாளில் அழிக்க வேண்டும் என்று எழுத்தில் கட்டளை இடலாம். ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் கொடுக்கலாம். படம் எடுக்கும் முன், எதற்கு, யாருக்குப் போகிறது என்று அந்த மனிதருக்கு இரண்டு வசனத்தில் சொல்லலாம். இவற்றுக்குப் பாராளுமன்றம் தேவையில்லை. பிரதேச செயலாளர் ஒருவர் நாளைக் காலையே தொடங்கலாம்.

இதை எழுதி முடிக்கும்போது என் போனையும் திறந்து பார்த்தேன். காணி உறுதிகள், மருத்துவ அட்டைகள், காணாமல் போன பிள்ளையின் படத்துடன் ஒரு தாய் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதி. செய்திக்காக எடுத்தவை. செய்தி வெளிவந்து வருடங்கள் ஆகிவிட்டன, படங்கள் இருக்கின்றன. சுதந்திர ஊடகவியலாளரான எனக்கு விதி எழுதித் தரவும் ஒரு அலுவலகம் இல்லை. தேவையற்றவற்றை அழித்தேன். வைத்திருக்க வேண்டியவற்றுக்காக, அவற்றைத் தந்தவர்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பெடுத்து அனுமதி கேட்கத் தொடங்கியிருக்கிறேன். முதலில் அந்தத் தாய்க்கு எடுத்தேன். "இன்னும் வைச்சிருக்கிறியே பிள்ளை? வைச்சிரு. ஆனா வேற ஆருக்கும் குடுக்காத" என்றார்.