யாருக்கு மனநிறைவு?

ஆண்கள் வேலையில் சம்பளத்தையும் பதவியையும் பார்ப்பார்களாம். பெண்கள் மனநிறைவைப் பார்ப்பார்களாம். படித்தவர்கள் பேச்சு இது. எந்தப் பெண்?

நாத்துப் பறிக்கிற ஆணுக்கு ஒரு கூலி. நாள் முழுக்கச் சேத்தில் குனிந்து நடுகிறவளுக்கு அதைவிடக் குறைவு. சமகூலிச் சட்டம் 1976லேயே வந்தாச்சு. கேட்டால், “லேசான வேலைதான, பாட்டுப் பாடிக்கிட்டே நடுறாளுங்க” என்கிறான் மிராசுதார். இடுப்புவலி மறக்கப் பாடுகிற பாட்டு அது. அதைத்தான் மனநிறைவு என்று எழுதி வைக்கிறார்கள்.

நம்ம தோழர்களையும் விடுவதற்கில்லை. பறை இழிவா, கலையா என்று தொண்ணூறுகளில் விடிய விடிய வாதாடினார்கள். வாதாட வேண்டியதுதான். ஆனால் எடுப்புக் கக்கூசில் தகரமும் துடைப்பமுமாகக் குனிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொன்று. அவளிடம் எவன் வந்து கேட்டான், “ஒனக்கு என்ன வேலை புடிக்கும்?” என்று?

மலக்குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அந்தக் காசுக்கு ஆபீஸ் ஆபீசாக அலைகிறவள் பொண்டாட்டி. இரக்கப்பட்டு வேலை தருகிறவர்களும் உண்டு: அதே துடைப்பம். வேணாம், வேற வேலை குடு என்று அவள் சொல்லிவிட்டால், “கிடைச்சதை வச்சிப் பொழைக்கத் தெரியல, திமிரு” என்று ஏசுகிறவர்களில் நம்ம ஆம்பளைகளும் இருக்கிறார்கள்.