சக்கரம் உறுமினால் லாரியை நிறுத்துங்கள்!

வத்தல்மலையில் இருந்து காப்பி, மிளகு ஏற்றி இறங்குகிறது ஒரு பழைய லாரி. கொண்டை ஊசி வளைவில் "உர்ர்" என்று சத்தம்!

"பழைய வண்டி அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். காது கொடுத்துக் கேளுங்கள்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உரசுகிறதா? லைனிங் தேய்ந்திருக்கலாம். 'டக் டக்' என்கிறதா? நட்டுகள் தளர்ந்திருக்கலாம். வேகம் கூடக்கூட உறுமுகிறதா? பேரிங் மீது சந்தேகம் கொள்ளுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்கைப் பாருங்கள்.

சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை அழையுங்கள்.

முதலாளிகளே! ஒருநாள் வாடகை போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். வளைவில் சக்கரம் கழன்றால், டிரைவரின் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?