சேற்றில் கால் வைக்காத நம் தமிழ் வகுப்பு

'இயற்கையைப் பாதுகாப்போம்' என்னும் தலைப்பில் உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை அண்மையில் திருத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் 32 கட்டுரைகள். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்ற தொடர் இருந்தது. ஆண்டு முழுவதும் மழை கொட்டும் நாட்டில் குடையோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள், மழை வேண்டி மரம் வளர்க்கச் சொல்கிறார்கள்! குற்றம் அவர்களுடையதன்று. பயிற்சித் தாளில் அத்தொடரை எழுதிக் கொடுத்தவன் நானே. நம் நாட்டின் ஒரு காடோ, ஒரு கடற்கரையோ, ஒரு பறவையோ பெயர் சுட்டி எந்தக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை.

ஆண்டுதோறும் தமிழ் மாணவர்களைக் கற்றல் பயணம் அழைத்துச் செல்கிறோம். எங்கே? தேக்காவுக்கு. பூக்கடை, மளிகைக் கடை, ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், 2015-ஆம் ஆண்டு முதல் இந்திய மரபுடைமை நிலையம். நல்ல பயணம்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சுங்கை பூலோவுக்கு அதே மாணவர்கள் அறிவியல் ஆசிரியரோடு, ஆங்கிலத்தில் போகிறார்கள். மல்லிகைச் சரமும் முறுக்கும் தமிழ், மரமும் பறவையும் ஆங்கிலம் என்று பிள்ளைகளின் மனத்தில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. இதை வெறும் மொழிக் குறை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அதனினும் பெரிய இழப்பு ஒன்று இதில் இருக்கிறது என்பதைப் புலாவ் உபின் தீவின் செக் ஜாவாதான் எனக்குக் கற்பித்தது.

செக் ஜாவாவின் வரலாற்றைப் பெற்றோர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். தீவின் கிழக்கு முனையில் ஏறத்தாழ 100 ஹெக்டர் பரப்புள்ள கடலோரப் பகுதி அது. சதுப்புநிலக் காடு, மணல் திட்டு, கடற்புல் வெளி, பவளச் சிதைவு, பாறைக் கரை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அங்கே நிலமீட்பு செய்வது முன்பே முடிவான திட்டம். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஜோசஃப் லாய் என்னும் தாவரவியலாளர் மாணவர் சிலருடன் அங்கே போனபோது, நீர் வற்றிய கரையில் கண்ட உயிர்களின் செழிப்பு அவரைத் திகைக்கவைத்தது. செய்தி மெல்லப் பரவியது. 2001-இல் மக்கள் கூட்டம் கூட்டமாகப் படகேறிப் போய்ப் பார்த்தார்கள். ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டூழியர்களும் வற்றுநீர் நேரங்களில் சேற்றிலே நின்று, அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். அழியப்போகும் இடத்தைப் பற்றிய குறிப்பாவது மிஞ்சட்டும் என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது. பலர் அரசாங்கத்துக்குக் கடிதமும் எழுதினார்கள்.

2001 டிசம்பரில், நிலமீட்பு ஒத்திவைக்கப்படும் என்று அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் மா போ டான் அறிவித்தார். தொடர்ந்து 2002 ஜனவரியில், வளர்ச்சிப் பணிகளுக்குப் புலாவ் உபின் தேவைப்படாத வரையில் செக் ஜாவா விட்டுவைக்கப்படும் என்று தெளிவுபடுத்தப்பட்டது. 2007-இல் அங்கே நடைபாலம் திறக்கப்பட்டது. இன்று நாம் அதன்மீது கால் நனையாமல் நடந்துவிட்டு வருகிறோம்.

'ஒத்திவைப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'கைவிடப்பட்டது' என்று சொல்லப்படவில்லை. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்குமே சட்டப்படி இயற்கை வனப்பகுதிகள். அந்தப் பட்டியலில் செக் ஜாவா இல்லை. நாளை அந்த நிலத்திற்கு வேறொரு தேவை எழுந்தால், அன்றும் யாரேனும் எழுந்து பேச வேண்டும். நேரில் பார்த்திராத ஒன்றுக்காக எவரும் பேச மாட்டார். அப்படிப் பேசக்கூடியவர்களின் வரிசையில் நம் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்களா என்பதுதான் என் கவலை.

"அதற்கெல்லாம் தேசியப் பூங்காக் கழகம் இருக்கிறதே, நாம் எதற்கு?" என்று நண்பரான ஓர் ஆசிரியர் கேட்டார். கழகம் இருக்கிறது, திறமையாகவும் செயல்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சுங்கை பூலோவை முதலில் கண்டு சொன்னது எந்த அலுவலகமும் அன்று. 1986-இல் அங்கே திரிந்த பறவை ஆர்வலர்கள்தாம் அந்த இடத்தின் அருமையை உணர்ந்தார்கள். அன்றைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை அதைக் காக்குமாறு அரசாங்கத்துக்கு முன்மொழிந்தது. 1989-இல் 87 ஹெக்டர் பரப்பு இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993 டிசம்பரில் திறக்கப்பட்டது. அந்த முயற்சியில் பங்குகொண்டவர்களுள் ஒருவர் நம்மவரான சுபராஜ் ராஜதுரை. காட்டிலே நடந்து நடந்து தாமே கற்றுக்கொண்டவர். 2019-இல் மறையும்வரை எத்தனையோ பேருக்கு இந்நாட்டின் காடுகளைக் காட்டியவர். நம் வகுப்புகளில் சாதனைத் தமிழர் வரிசை ஒன்று உண்டே, அதில் இவர் பெயரை நான் ஒருமுறையும் சொன்னதில்லை. வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

இத்தகைய காவல் நம் முன்னோர்க்குப் புதிதும் அன்று. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் சேரச் சேர, எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவ்வூர் உழவர்கள் அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் எழுத்து மூலம் உரிமை பெற்றார்கள். சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதனருகே உள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ, பறவைகள் மிரளும் என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "நாமும்தான் வெடிப்பதில்லையே, ஆசிரியர்!" என்றாள். வகுப்பே சிரித்தது. உண்மைதான். 1972-இல் வந்த தடைச் சட்டத்தால் நாம் வெடிப்பதில்லை. அவர்கள் தாமாகவே வெடிப்பதில்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். அந்த மாதத்தின் சிறந்த கலந்துரையாடல் அதுவாகவே அமைந்தது.

மக்களை அழைத்துப் பேசாமல் நடத்தும் பாதுகாப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் உபினிலேயே சான்று உண்டு. 2013-இல், தீவில் வாழ்ந்த இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரு கடிதம் போனது. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். அப்படியன்று என்று அரசாங்கம் விளக்கம் அளித்தது. மறு ஆண்டே, உபினை எப்படிப் பேணலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தீவுவாசிகளும் இயற்கை ஆர்வலர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். கடிதத்திற்கு முன்னரே அந்தப் பேச்சு நடந்திருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் வீடுகளிலும் இதே கதை உண்டு. அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்கும் பாட்டியிடம், வனவிலங்குகளுக்கு உணவளிப்பது 2020 முதல் சட்டப்படி குற்றம் என்று மட்டும் சொன்னால் அவர் மனம் நோகும். சோற்றுக்குப் பழகிய விலங்கு என்னவாகும், அக்கம்பக்கத்தார்க்கு என்ன இடையூறு என்று தமிழில் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒரு பேரப்பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அதற்கான சொற்களை நாம் கொடுத்திருக்கிறோமா?

சென்ற ஆண்டு ஒரு சிறு முயற்சி செய்தேன். விடுமுறையில், விருப்பமுள்ள 12 மாணவர்களையும் பெற்றோர் நால்வரையும் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனேன். ஐந்திணையில் நெய்தல் கற்பித்து முடித்திருந்த சமயம். சைபீரியா வரையிலிருந்து பறந்து வந்த உள்ளான்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. பெயர்ப்பலகையில் 'பூத்தா-பூத்தா' என்று மலாயில் எழுதியிருந்த மரத்தருகே ஒரு மாணவன் கையை நீட்டினான். உடன் வந்த தாயார் ஒருவர், "தம்பி, தொடாதே! அது தில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்!" என்று பதறினார். 'பூத்தா' என்றாலே குருடு என்றுதான் பொருள். அந்தத் தாயார் முத்துப்பேட்டைப் பக்கத்தவர். அலையாத்திக் காட்டோரம் வளர்ந்தவராம். அதுவரை கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நடந்தவர், அதன் பிறகு முன்னால் போய்விட்டார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால் வந்தது என்று நான் சொன்னபோது, தினமும் சாமி படத்தைக் கும்பிடும் ஒரு பிள்ளை அந்த மரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

இவ்வாண்டுத் தாய்மொழி இருவாரத்திற்குச் செக் ஜாவா போகலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் காலை வேளையாகப் பார்க்க வேண்டும். கடலின் நேரம் நம் பாட அட்டவணைக்கு இசைவதில்லை. துணைக்கு வரும் பெற்றோர் குறைந்தது அறுவர் தேவை. சாங்கி படகுத்துறையில் காலை ஏழு மணிக்குக் கூடுவோம். மாற்றுக் காலணியும் ஒரு துண்டும் கொண்டு வாருங்கள். முத்துப்பேட்டை அம்மையார் வருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்.