படிக்காத நிரலுக்கு ஒரு கையெழுத்து

ஒரே சர்வருக்குள் ஒரு வங்கியின் கணக்கும் யாரோ ஒரு முகம் தெரியாத வாடகைதாரரின் நிரலும் அடுத்தடுத்து ஓடலாம். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. மேகக் கணிமை என்கிற தொழில் முழுவதும் இந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது. ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல் இயங்கும் மெய்நிகர் கணினிகளை இப்படிப் பிரித்து வைக்கும் மென்பொருள், ஒட்டுக்குடித்தன வீட்டின் இடைச்சுவரைப் போன்றது. அதன் ஒரு முக்கியமான பகுதி, 2003-இல் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய க்யூஎமு என்னும் திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை யாரும் படிக்கலாம். யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதிய நிரலை ஏற்பதில்லை என்று 2025 ஜூனில் க்யூஎமு திட்டம் விதி வகுத்தது. பிழை தேடவோ ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ளவோ கருவிகளை நாடுவதற்குத் தடையில்லை. அவை எழுதித் தருவதைத் திருத்தமாக அனுப்பத்தான் தடை. இதைப் பழமைவாதம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை.

காரணம், கையெழுத்து. லினக்ஸின் நிரல் யாருக்குச் சொந்தம் என்று 2003-இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக மறு ஆண்டு ஒரு வழக்கம் வந்தது: திருத்தம் அனுப்பும் ஒவ்வொருவரும், இதை இந்த உரிமத்தின்கீழ் தரும் உரிமை எனக்கு உண்டு என்று பெயரிட்டு உறுதி சொல்ல வேண்டும். க்யூஎமுவும் இதையே கேட்கிறது. எந்தெந்த உரிமங்களுக்குக் கட்டுப்பட்ட நிரல்களை விழுங்கி வளர்ந்தது என்றே தெரியாத ஒரு கருவி கொட்டியதற்கு, எந்த நிரலாளர் மனமறிந்து இந்த உறுதியைத் தர முடியும்? நீதிமன்றங்களும் இந்தக் கேள்விக்கு இன்னும் முடிவான விடை சொல்லவில்லை.

உரிமையை விடப் பெரிய கவலை பாதுகாப்பு. 2015 மே மாதம் 'வெனம்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. க்யூஎமுவில் ஃபிளாப்பி டிஸ்க்கைப் போலி செய்யும் பகுதியில் 2004 முதல் அது பதுங்கியிருந்தது. ஒரு மெய்நிகர் கணினிக்குள் இருப்பவர் அதன் வழியே வெளியேறி, அதைத் தாங்கும் சர்வரையே கைப்பற்ற வாய்ப்பிருந்தது. க்யூஎமுவின் நிரலை எடுத்தாண்ட ஸென், கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் ஆகிய மெய்நிகர் கணினி மென்பொருள்கள் எல்லாவற்றையும் அது பாதித்தது. யாரும் சீந்தாத ஃபிளாப்பிக்கான நிரல்! மனிதர்கள் எழுதி, மனிதர்கள் படித்த இடத்திலேயே ஒரு பிழை 11 ஆண்டுகள் தப்பியது. எழுதியவரே படிக்காத நிரல் குவியும்போது எத்தனை தப்பும்?

இயந்திரம் தரும் நிரல் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும்; குறிப்புகளும் ஒழுங்காக இருக்கும். அதுவே ஆபத்து. அரைகுறையாக எழுதப்பட்ட நிரலை, வரும் திருத்தங்களைச் சரிபார்க்கும் பராமரிப்பாளர் ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார். மிடுக்காக உடுத்தி வரும் பிழையைக் கண்டுபிடிக்க அரை நாள் போகும். எழுத நிமிடம்கூட ஆகாததைச் சரிபார்க்கும் சுமை, ஒரு சிலரின் தலையில் விழுகிறது. கர்ல் என்னும் இன்னொரு திறந்த மூலத் திட்டம், இயந்திரம் புனைந்த பொய்யான பாதுகாப்புப் புகார்களால் அலைக்கழிந்து, பிழை கண்டோருக்குத் தந்துவந்த பரிசுத் திட்டத்தையே நிறுத்தியது. பராமரிப்பாளர் களைப்பதும் ஆபத்தே: களைத்த ஒருவரின் தோளில் கைபோட்டுத்தான் எக்ஸ்இசட் என்னும் திறந்த மூல மென்பொருளுக்குள் கள்ளக் கதவு வைக்கப்பட்டது என்பதை 2024-இல் உலகம் பார்த்தது.

தடையை மீறுவோரைக் கண்டுபிடிக்க முடியாதே என்பது எதிர்வாதம். உண்மைதான், எல்லோரையும் பிடிக்க முடியாது. ஆனால் விதி இருந்தால் பொய்க் கையெழுத்து, அறிந்தே செய்த தவறாகிறது. சந்தேகப்படும் பராமரிப்பாளர் விளக்கம் சொல்லாமலே மறுக்க முடிகிறது. சட்டநிலை தெளிந்தால் விதியை மாற்றவும் க்யூஎமு இடம் வைத்திருக்கிறது.

இந்த மென்பொருள்களின் மீது கோடிகளில் தொழில் நடத்தும் மேகக் கணிமை நிறுவனங்கள், நிரலைப் படித்துச் சரிபார்ப்போருக்குச் சம்பளம் கொடுக்க முன்வர வேண்டும். தம் ஊழியர்களின் வேலை நேரத்தில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். திருத்தம் அனுப்பும் இளம் நிரலாளர்களுக்கு நம் வேண்டுகோள்: வரி வரியாக உங்களால் விளக்க முடியாத நிரலின் கீழ் உங்கள் பெயரைப் போடாதீர்கள்.